ஹெட்செட்டுக்குள்ள ஓடுற கதைய எங்க ஊர் ஆளுங்கள வச்சு எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

வீஆர் ஹெட்செட் (கண்ணுல மாட்டுனா வேற எடத்துல இருக்கற மாதிரியே காட்டற கருவி) மாட்டிவிட்டு, சாட்பாட்டோட (ஆள் மாதிரியே பதில் பேசற கம்ப்யூட்டர் புரோகிராம்) பேசவிட்டு, ஆபீஸ்ல வேல பாக்கறவங்களுக்கு பாகுபாடு காட்டாம இருக்க பயிற்சி குடுக்கலாம்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்ல விஷயம்தான், வரட்டும். ஆனா அடுத்தவங்க உடம்புக்குள்ள கொஞ்ச நேரம் இருந்து பாத்தா மனசு மாறிரும்னு கட்டுரை முழுக்க சொல்லிட்டே போறது எனக்கு ஒப்பல, அதுக்காகத்தான் எழுதறேன்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகால ஒரு அக்ஷயா சென்டர்ல, அதாவது அரசு சேவைக்கு மனு போட்டுக் குடுக்கற எடத்துல, வேல பாக்கறேன். பென்ஷன், ரேஷன் கார்டு, வருமான சர்ட்டிபிகேட்னு வர்றவங்கள்ல தமிழ் மட்டும் தெரிஞ்ச பெரியவங்க நெறய பேரு. தமிழ்ல எழுதின மனுவோட ஒரு பாட்டி அரசு ஆபீஸுக்குப் போனா, கவுண்டர்ல வாங்க மாட்டேன்னு சொல்லி, போதாததுக்கு பாண்டின்னு தமிழங்கள எளக்காரமா சொல்ற ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பிருவாங்க, அந்தப் பாட்டி மறுபடி எங்கிட்டதான் வந்து நிக்கும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ல வந்தது, மொழிச் சிறுபான்மை பகுதின்னு அறிவிச்ச எடத்துல இருக்கற மாநில அரசு ஆபீஸுக்கு தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதலாம்னு அதுலயே இருக்கு. கவுண்டர்ல இருக்கறவருக்கு அது தெரியல, சரி. பக்கத்து சீட்டுக்காரருக்கு தெரிஞ்சும் வாயத் தொறக்கல பாருங்க, பயிற்சி முதல்ல அவருக்குத்தான் வேணும்.

கட்டுரைல சொன்ன பார்சிலோனா ஆய்வ நானும் தேடிப் படிச்சேன். மெல் ஸ்லேட்டர் குழுவோட ஆய்வு, 2016ல வந்தது. வெள்ளக்காரப் பெண்களுக்கு ஹெட்செட் மாட்டினா குனிஞ்சு பாக்கறப்ப கறுப்பு கை கால் தெரியும், எதிர்ல இருக்கற கண்ணாடிலயும் கறுப்பு முகம், இவங்க கைய தூக்குனா அதுவும் தூக்கும், அப்படியே தாய்ச்சிங்கற சீன உடற்பயிற்சிய செய்ய வச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு சோதிச்சப்பவும் உள்மனசுல இருக்கற நிறப் பாகுபாடு கொறஞ்சிருந்துச்சு. ஆனா அதே குழு 2020ல வெளியிட்ட ஆய்வுல, சுத்தி இருக்கறவங்க மோசமா நடந்துக்கற மாதிரி காட்சி வச்சப்ப இந்த பலன் கெடைக்கல, தலைகீழாப் போச்சு. அதுக்கு முன்னாடி 2009லயே ஸ்டான்ஃபோர்ட்ல கறுப்பு உருவம் குடுத்து வேலைக்கான இன்டர்வியூ காட்சில உக்கார வச்சவங்களுக்கு அந்த நிறப் பாகுபாடு கூடித்தான் இருந்துச்சு. 2015ல அமெரிக்கால இன்னொரு ஆய்வு, கண்ணக் கட்டி நடக்கவிட்ட மாணவங்க பார்வையில்லாதவங்களோட தெறமைய, கண்ணக் கட்டாத மத்தவங்கள விட கொறச்சு எடபோட்டாங்க. கொஞ்ச நேரம் கண்ணக் கட்டுனா தடுமாற்றம் மட்டும்தான தெரியும், வருஷக்கணக்கா அப்படியே வாழ்ந்து பழகுனவங்களோட கெட்டிக்காரத்தனம் எங்க தெரியப்போகுது? இன்னொன்னு, பார்சிலோனால அளந்தது பட்டன எவ்வளவு வேகமா அமுக்கறாங்கன்னு வச்சு, அத வச்சுட்டு நாளைக்கு கவுண்டர்ல மனுவ வாங்குவாரான்னு சொல்லிர முடியாது.

அதனால ஹெட்செட்டே வேண்டாம்னு நான் சொல்ல வரல. அதுல எனக்கு பெருசா தெரியறது வேற ஒன்னு, ஒத்திகை. சாட்பாட்ட அந்தப் பாட்டியா பேச வைங்க, இன்னொன்ன திமிரா பேசற கிளார்க்கா வைங்க, பயிற்சிக்கு வந்தவர பக்கத்து சீட்ல உக்கார வைங்க. "சார், தமிழ்ல எழுதலாம் சார், சட்டத்துல இருக்கு, நான் வாங்கிக்கறேன்"னு அவரு வாயால சொல்லிப் பழகட்டும், மொத தடவ நாக்கு ஒட்டிக்கும், சீனியர் மொறைக்கற மாதிரி அந்த கிளார்க் மொறைக்கும், மறுபடி சொல்லட்டும், நீச்சல் மாதிரிதான இதுவும், தண்ணில எறங்காம வராது. இதுல இன்னொரு பெரிய நன்மை இருக்கு, அதப் பத்தி கட்டுரைல ஒரு வரி கூட இல்ல. இப்ப பயிற்சி வகுப்புன்னா அடிபட்ட ஒருத்தர கூட்டிட்டு வந்து மேடைல நிறுத்தி பட்டதெல்லாம் சொல்லச் சொல்றாங்க, அவங்க ஒவ்வொரு தடவையும் அத மறுபடி அனுபவிக்கறாங்க. சாட்பாட் கிட்ட எத்தன தடவ தப்பாப் பேசுனாலும் யாருக்கும் காயம் இல்ல.

ஆனா கதைய யாரு எழுதறாங்க? எங்க பக்கம் தமிழன்னா அடிவாங்கறவன் மட்டும்னு எழுதிட்டா அது பொய்யாப் போகும். 2017ல முதலமடை பஞ்சாயத்து கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி சக்கிலியர் மக்கள், டீக்கடைலயும் தண்ணி புடிக்கற எடத்துலயும் ஒதுக்குறாங்கன்னு சொன்னது பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. ஒதுக்குனவங்கன்னு அவங்க சொன்ன ஆளுங்கள்ல தமிழ் பேசறவங்களும் உண்டு. கவுண்டர்ல பாண்டின்னு கேட்டு மனசு நொந்து வர்ற அதே ஆளு ஊருக்குள்ள இன்னொருத்தருக்கு தனி கிளாஸ் வைக்கறாரு, தீண்டாமைய ஒழிச்ச அரசியல் சட்டம் 17வது பிரிவு வந்து எத்தன வருஷம் ஆச்சுங்க? அப்ப கவுண்டர் காட்சி ஒன்னு, டீக்கடை காட்சி ஒன்னு, ரெண்டும் வேணும். டீக்கடை காட்சிய அந்த காலனி ஆளுங்களே சம்பளம் வாங்கிட்டு எழுதணும், எந்த வார்த்த வலிக்கும், எந்தப் பார்வ வலிக்கும்னு பெங்களூர்ல உக்காந்திருக்கற கம்பெனிக்கு தெரியாது. 2015ல மூணாறுல பெம்பிளை ஒருமைன்னு தோட்டத்துப் பெண்கள் யூனியன் தலைவருங்கள தள்ளி நிறுத்திட்டு தாங்களே முன்னாடி நின்னு போனஸ் கேட்டாங்கள்ல, அந்த மாதிரி பெண்கள் எழுதுனா எப்படி இருக்கும்னு யோசிங்க.

சாட்பாட்டுக்கு எங்க பேச்சும் புரியணும். பாதி தமிழ் பாதி மலையாளமா பேசற பாட்டியோட பேச்ச போன்ல இருக்கற வாய்ஸ் டைப்பிங்கே தப்புத்தப்பா எழுதுது. அப்பறம் 2016ல மைக்ரோசாஃப்ட் விட்ட 'டே'ங்கற சாட்பாட், ஜனங்க சொல்லிக்குடுத்தத வாங்கிட்டு இனவெறி பேசி ஒரு நாளுக்குள்ள மூட வேண்டியதாப் போச்சு. பாகுபாட்டுக்கு எதிரான சாட்பாட்டே சாதி வார்த்தய பேசிட்டா கேவலம், அதனால அது என்ன பேசலாம்ங்கறத முதல்லயே எழுதிக் கட்டிவைக்கணும். பயிற்சில பேசறத பதிவு பண்ணி புரமோஷனுக்கு பாப்பாங்கன்னு தெரிஞ்சா எவனும் மனசுல இருக்கறத பேச மாட்டான், அதையும் கவனிக்கணும்.

கேரளால உள்ளாட்சி ஊழியர்களுக்கு பயிற்சி குடுக்கற கிலா திருச்சூர்லதான் இருக்கு, ரொம்ப தூரம் இல்ல. சித்தூர் தாலுகா பஞ்சாயத்து ஃப்ரண்ட் ஆபீஸ் ஆளுங்களுக்கு மொதல்ல வச்சுப் பாக்கட்டும். பலன் வந்துச்சான்னு பாக்க பட்டன் டெஸ்ட் வேண்டாம்ங்க, ஆறு மாசம் கழிச்சு அந்த ஆபீஸ் ரிஜிஸ்டர எடுத்து தமிழ் மனு எத்தன வாங்கியிருக்காங்க, அதுல எத்தனைக்கு தமிழ்ல பதில் போயிருக்குன்னு பாக்கட்டும், அந்தக் கணக்க உங்க பேப்பர்லயும் போடுங்க.

இப்படிக்கு,
அக்ஷயா சென்டர் ஊழியர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்