டார்னா ஆங்கிலம் பேசும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படக்கதை மொழிபெயர்ப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, பிலிப்பைன்ஸ் நாட்டுப் படக்கதை வீராங்கனையான டார்னாவை, அமெரிக்கப் படக்கதை நாயகியோடு ஒப்பிட்டு, ‘அந்நாட்டு வொண்டர் வுமன்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அவளுடைய பழைய கதைகளை ஆங்கிலத்தில் தர முனைவோரும் இந்த ஒப்பீட்டிலேயே நின்றுவிடக் கூடாது என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

படக்கதை எழுத்தாளர் மார்ஸ் ரவேலோ 1947ஆம் ஆண்டு ‘புலாக்லாக்’ இதழில் ‘வார்கா’ என்ற பெயரில் உருவாக்கிய நாயகியே, அவர் அவ்விதழை விட்டு விலகிய பின், 1950 மே மாதம் ‘பிலிபினோ கோமிக்ஸ்’ இதழில் நெஸ்டர் ரெடொண்டோவின் தூரிகையில் டார்னாவாக மறுபிறவி எடுத்தாள். ரெடொண்டோ 1970களில் அமெரிக்காவின் டி.சி. நிறுவனத்துக்கு ‘ஸ்வாம்ப் திங்’ படக்கதையை வரைந்தவர். ஆங்கில வாசகர்கள் அந்தக் கையை அறிவார்கள். அந்தக் கை தன் சொந்த மண்ணுக்காக வரைந்ததை அவர்களில் பெரும்பாலோர் படித்ததில்லை. இக்கதைகளின் மூலமொழியான டகாலோக்கைப் படிக்கத் தெரியாமல் வெளிநாடுகளில் வளரும் பிலிப்பினோ பிள்ளைகளின் நிலையும் இதுதான். ஆகவே மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

மாயக் கல்லொன்றை விழுங்கி டார்னாவாக மாறும் நார்டா, பாட்டியோடும் தம்பி டிங்கோடும் வாழும் கிராமத்துச் சிறுமி. டகாலோக் மொழியில் தமக்கையை ‘ஆத்தே’ என்றும் பாட்டியை ‘லோலா’ என்றும் அழைப்பார்கள். பெரியவர்களிடம் பேசும்போது ‘போ’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்ப்பார்கள். தமிழில் ‘அக்கா’ என்றும், ‘சொல்லுங்க’ என்பதில் வரும் ‘ங்க’ என்றும் எளிதாக ஈடு கட்டிவிடலாம். ஆங்கிலத்திலோ தம்பி அக்காளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், ‘போ’ காற்றோடு போய்விடும். வானில் பறக்கும் வீராங்கனை வீடு திரும்பியதும் யாருக்கோ பேத்தியாகவும் யாருக்கோ அக்காளாகவும் ஆகிவிடுவதுதான் இக்கதையின் உயிர் என்று நான் நினைக்கிறேன். அச்சொற்களை அப்படியே விட்டுவைத்தால் இரண்டு பக்கங்களுக்குள் எந்த வாசகருக்கும் பொருள் பிடிபட்டுவிடும்.

திரைப்படங்களின் நினைவைக் கொண்டு மூலத்தைத் திருத்துவது இன்னொரு அபாயம். ‘டிங், அங் பாத்தோ!’, அதாவது ‘டிங், அந்தக் கல்!’ என்று, டார்னாவாக மாறுவதற்காகத் தம்பியிடம் கல்லைக் கேட்கும் திரைப்பட முழக்கம் பிலிப்பைன்ஸில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் முதல் கதையில் நார்டா வெள்ளைக் கல்லை ஒரே முறைதான் விழுங்குகிறாள். அதன்பின் ‘டார்னா’ என்று கூவினாலே போதும். புதிய வாசகர் எதிர்பார்ப்பார் என்பதற்காக அந்த முழக்கத்தைப் பேச்சுக் குமிழிக்குள் நுழைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

இறுதியாக ஒன்று. மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சான அந்த இதழ்கள், ‘சாரி-சாரி’ எனப்படும் பெட்டிக்கடைகளில் வாடகைக்கு விடப்பட்டு, பல கைகள் மாறி நைந்துபோனவை. எஞ்சிய பிரதிகள் அரியவை. அத்தகைய பக்கத்தில் கையால் எழுதிய டகாலோக் எழுத்துகளை அழித்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் அச்சிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமுமாக வெளியிட்டால், பாட்டியும் பேத்தியும் ஒரே புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்கலாம். தங்கள் கட்டுரையாளர் மீண்டும் இப்பொருளை எழுதும்போது இதைக் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி