கூக்ளியைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வை

அன்புள்ள நந்தினி,

பேட்டரை விட்டு விலகித் திரும்பும் லெக் பிரேக் போலத் தெரிந்து, உள்ளே திரும்பும் உன் கூக்ளியில் மூன்று விக்கெட் விழுந்ததாகச் சொன்னாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் அடுத்த ஆட்டத்திலும் அதையே நம்பிப் போடப்போகிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. அதனால்தான் இந்திய அணியின் பழைய லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணனைப் பற்றி எழுதுகிறேன்.

1983ல் ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 17. அங்கே விக்கெட் கிடைக்கவில்லை. 1984 கடைசியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 64 ரன்னுக்கு 6 விக்கெட், 117 ரன்னுக்கு 6. அடுத்து டெல்லி முதல் இன்னிங்ஸில் 99க்கு 6. மூன்றே இன்னிங்ஸில் 18 விக்கெட்! மொத்தம் ஆடியது 9 டெஸ்ட், எடுத்தது 26. மற்ற எல்லாம் சேர்த்து 8தான். அதே தொடரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தின் ஃபவுலர் 201, கேட்டிங் 207 அடித்தார்கள். 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட் ஆடும்போது அவருக்கு வயது 20. இத்தனை திறமைக்கு 9 டெஸ்ட் ரொம்பக் குறைவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

புதுப் பந்துவீச்சாளரின் கூக்ளியை பேட்டர்கள் சீக்கிரமே கையைப் பார்த்துப் படித்துவிடுவார்கள். அதன்பிறகு காப்பாற்றுவது லெக் பிரேக்தான். 1985 மார்ச்சில் மெல்போர்ன் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானின் மியாண்டடை சிவராமகிருஷ்ணன் இறங்கி வரவைத்து, விக்கெட் கீப்பர் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்தாரே, அதுவும் லெக் பிரேக்தான்.

கூக்ளி அதிகமானால் இடது தோள் முன்கூட்டியே சரியும். மணிக்கட்டு அந்த நிலையிலேயே பழகிப்போய், லெக் பிரேக் போட நினைத்தாலும் பந்து திரும்பாமல் நேராகப் போகும். இடுப்பும் சீக்கிரம் திறந்துகொண்டால் ஷார்ட்டாக, லெக் சைடில் விழும்.

பிடியைப் பார். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பந்தின் தையலுக்குக் குறுக்கே, மோதிர விரல் மடங்கித் தையலை ஒட்டி. கட்டைவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அதை அழுத்தினால் மணிக்கட்டு இறுகிவிடும். சுழற்சியின் பெரும்பங்கு மோதிர விரல் நிமிரும்போது கிடைப்பது.

வலையில் முதலில் பாதி தூரத்தில் நின்ற இடத்திலிருந்தே போடு. தையல் ஸ்லிப்பைப் பார்த்துச் சுழல வேண்டும். அது சரியானபின் முழு தூரம், அதன்பிறகே ஓட்டம். ஆட்டத்தில் இரண்டு ஓவருக்கு ஒரு கூக்ளிக்கு மேல் வேண்டாம்.

பேட்டர் நிற்கும் பக்கமிருந்து, வலைக்குப் பின்னால் வைத்து எடுத்த வீடியோ அனுப்பு. பந்து எங்கே விழுகிறது என்பதைவிட, கை விடும் நேரத்தில் மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா