இரண்டு ஓட்டுக் காலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழக சட்டமன்ற வரலாறு குறித்த கட்டுரையை இங்கே ரோஸ் ஹில்லில் நண்பர்களோடு படித்தேன். 1937இல் 215 பேருடன் பேரவை அமைந்தது, 1952இல் 375 இடங்கள், ஆந்திரா பிரிந்ததும் குறைந்தது, 1967 முதல் 234, 1986இல் மேலவை ஒழிந்தது. எல்லாம் சரி. ஆனால் இரட்டை உறுப்பினர் தொகுதிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

1952, 1957 தேர்தல்களில் பல தொகுதிகளில் ஒரு பொது இடமும், தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினருக்கான ஒரு தனி இடமும் சேர்ந்தே இருந்தன. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. தனி இடத்துக்கு நின்றவர் நிறைய வாக்கு வாங்கினால் பொது இடத்தையும் பிடிக்கலாம். 1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் அப்படித்தான் நடந்தது. இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்குப் போக, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி தோற்றார். உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. 1961இல் இந்த முறையையே எடுத்துவிட்டார்கள். (பெரிய தலைவர் தோற்றால்தான் சட்டம் மாறும் போல.) இப்போது பேரவையில் 44 தொகுதிகள் தாழ்த்தப்பட்டோருக்கும் 2 பழங்குடியினருக்கும் தனித் தொகுதிகள்.

மொரிஷியஸ்காரர்களுக்கு இது புதிதல்ல. இங்கே தீவின் 20 தொகுதிகளில் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. அது போக, தோற்றவர்களிலிருந்து சமூகக் கணக்குப்படி 8 பேர் வரை உள்ளே வரலாம். யாருக்கு இடம் என்பதை முன்பே சொல்லிவிடும் தமிழக முறைதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

இரட்டைத் தொகுதிகளில் ஓட்டுப் போட்ட முதியவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களை எழுதச் சொல்லுங்களேன்.

ஒரு வாசகர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்