மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்ன பதில்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அப்பாவின் வாழ்த்துகள். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் அன்பைச் சொல். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் கோயில் வரை நடந்து போய் வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. அறிவியல் வகுப்பில் பரிணாமத்தோடு, தேவன் உலகைப் படைத்தார் என்கிற சிருஷ்டிப்பையும் சொல்லித்தர வேண்டும் என்று அங்கே அமெரிக்காவில் உங்கள் சபையார் பள்ளி வாரியத்துக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். நீயும் கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறாய். "இரண்டையும் சொல்லட்டும், பிள்ளைகள் யோசித்து முடிவெடுக்கட்டும். இதில் என்ன தவறு அப்பா?" என்று கேட்டாய். போனில் இரண்டு வார்த்தையில் முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

இதே கேள்வியை நீ ஒன்பதாம் வகுப்பில் கேட்டிருக்கிறாய். இரவுச் சாப்பாட்டு நேரம். "ஓய்வுநாள் பள்ளியில் தேவன் ஆறு நாளில் படைத்தார் என்கிறார்கள், நீங்கள் வகுப்பில் கோடிக்கணக்கான வருடம் என்கிறீர்கள். எது உண்மை?" நான் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "பரீட்சையில் இதை எழுது, கோயிலில் அதை நம்பு" என்றேன். நீ தலையைக் குனிந்து சாப்பிட்டாய். முப்பத்தோரு வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவன் சொல்லக்கூடிய பதிலா அது? அறிவியலை மார்க்குக்காக எழுதும் பொய்யாக்கினேன். விசுவாசத்தை, கேள்வி பட்டாலே உடைந்துபோகும் பாத்திரமாக்கினேன். அன்று தர வேண்டிய பதிலை இப்போது தருகிறேன்.

உன் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய, பென்சில்வேனியாவின் டோவர் என்ற ஊரை விசாரித்துப் பார். 2004 அக்டோபரில் அந்த ஊர்ப் பள்ளி வாரியம் 6 - 3 வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்பை வாசிக்க வேண்டும்: டார்வின் கோட்பாட்டில் இடைவெளிகள் இருக்கின்றன, உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு உருவாக்கியது என்கிற 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற வேறு விளக்கமும் உண்டு, அதற்கான புத்தகம் பள்ளியில் இருக்கிறது என்று. உயிரியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்துவிட்டார்கள். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். அந்த ஆசிரியர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. சம்பளம் தரும் வாரியத்திடம், பொய் என்று தெரிந்ததைப் பிள்ளைகள் முன் சொல்ல மாட்டோம் என்று நின்றார்கள்.

பெற்றோர் பதினொரு பேர் வழக்குப் போட்டார்கள். 2005 செப்டம்பர் கடைசியில் ஹாரிஸ்பர்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர், பிரவுன் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர், கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். அவர் சொன்னதை நான் பிறகு வகுப்பில் பலமுறை கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். உனக்கும் சொல்கிறேன்.

செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள் குரோமோசோம்கள். மனிதனுக்கு அவை 23 ஜோடி. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24 ஜோடி. எல்லோருக்கும் மூதாதை ஒன்று என்றால் நம்முடைய ஒரு ஜோடி எங்கே போயிற்று? ஒரு ஜோடி முழுதாகத் தொலைந்திருந்தால் உயிர் தங்காது. அப்படியானால் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். பிரியாமல் இருப்பதற்காக நுனியில் முடிச்சுப் போட்ட இரண்டு கயிறுகளை நீளவாக்கில் இணைத்துப் பார். நுனியில் இருக்க வேண்டிய முடிச்சுகள் நடுவில் வந்துவிடும். அதே போல, குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டீலோமியர் என்ற பகுதி நம் குரோமோசோம் ஒன்றின் நடுவில் இருக்க வேண்டும். குரோமோசோமின் இடுப்பு மாதிரி ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியருக்கு இரண்டு தடயங்கள் இருக்க வேண்டும். தேடினார்கள். நம் இரண்டாவது குரோமோசோமில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. இல்லாமல் போயிருந்தால் பரிணாமம் பெரிய சங்கடத்தில் மாட்டியிருக்கும். தோற்றுப்போகும் வாய்ப்புள்ள இடத்தில் போய் நின்று காட்டுவதுதான், மகளே, அறிவியல் வகுப்பின் சட்டம்.

சிருஷ்டிப்பைச் சொல்லும் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தேவனைப் பரிசோதனைக்குழாயில் இறக்கி, முடிவு வரும்வரை காத்திருக்கவா? உன் மனுவில் எனக்கு வலிக்கிற இடம் இதுதான்.

அந்த வழக்கில் இன்னொன்றும் வெளியே வந்தது. பள்ளிக்குக் கொடுத்த புத்தகத்தின் பழைய கைப்பிரதிகளில் 'சிருஷ்டிப்பு' என்று இருந்த இடங்களில், சிருஷ்டிப்பு அறிவியலைப் பள்ளியில் நுழைக்கக் கூடாது என்று 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 'வடிவமைப்பு' என்று மாற்றியிருந்தார்கள். அறிவியலின் இலக்கணத்தைத் தாங்கள் கேட்டபடி விரித்தால் சோதிடமும் அதற்குள் வந்துவிடும் என்று வாரியத் தரப்பு விஞ்ஞானியே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு எழுதினார்: இது அறிவியல் அல்ல, பள்ளியில் சொல்வது அரசியலமைப்புக்கு விரோதம். அவரை நியமித்தவரே பழமைவாத அதிபர் ஜார்ஜ் புஷ்தான். வாரியம் பத்து லட்சம் டாலருக்கு மேல் வழக்குச் செலவு கொடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் படிப்புக்கு ஆக வேண்டிய பணம் அது.

இரண்டையும் சொல்லட்டும் என்றாயே, அதைப் பற்றி ஒன்று கேட்கிறேன். 2018இல் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் பாடத்தை மாற்ற வேண்டும் என்றார். அன்று இரவே நீ போன் செய்து கொதித்தாய். 2023இல் மத்திய அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது, பாடச்சுமை குறைப்பு என்று அவர்கள் சொன்ன காரணத்தை நீ ஏற்கவில்லை. நானும்தான். இங்கே ஒரு பள்ளியில் பிரம்மா படைத்தார் என்று அறிவியல் ஆசிரியர் நடத்தினால் நீயும் நானும் பொறுத்துக்கொள்வோமா? என் வகுப்பில் முருகன் கோயிலுக்குப் போகிறவன், மேலப்பாளையத்துப் பள்ளிவாசலுக்குப் போகிறவன், நம் கோயிலில் பாமாலை பாடுகிறவன் எல்லோரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். தவளையை அறுத்துப் பார்த்தபோது மூன்று பேருக்கும் இதயத்தில் மூன்று அறைகள்தான் தெரிந்தன. பேரனின் வகுப்பிலும் பல வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே அளக்கிற படியால்தான் அங்கேயும் அளக்க வேண்டும்.

சிருஷ்டிப்பை அவனுக்குச் சொல்லக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? ஓய்வுநாள் பள்ளியில் சொல்லட்டும். இரவு ஜெபத்தில் நீ வாசித்துக் காட்டு. உலகம் ஏன் இருக்கிறது, நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் என்பதை நான் அங்கேதான் கற்றேன். ஆறு நாள் என்பதை நான் கடிகாரக் கணக்காக வாசிப்பதில்லை. அப்படி வாசிக்கிற நல்ல விசுவாசிகளை எனக்குத் தெரியும், அவர்களோடு ஒரே மேசையில் நற்கருணை வாங்குகிறேன். ஆனால் அவர்கள் கேட்டாலும் என் கரும்பலகையைத் தந்திருக்க மாட்டேன்.

மனுவில் கையெழுத்துப் போடுவது உன் விருப்பம். அதற்கு முன் பேரனின் உயிரியல் ஆசிரியரைப் போய்ப் பார்த்து, அந்தப் பாடத்தை எப்படி நடத்துகிறார் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள். அவ்வளவுதான் என் வேண்டுதல்.

என் மேசையில் இருக்குமே அந்த அம்மோனைட் புதைபடிவக் கல், அரியலூர் ஓடைக்கரையில் மாணவர்களோடு போனபோது எடுத்தது. சின்ன வயதில் ஆட்டுக்கொம்பு என்று சொல்லி அதன் வரிகளில் விரலை ஓட்டிக்கொண்டே தூங்கிவிடுவாய். ஆறு கோடி வருடத்துக்கு மேல் பழையது. அரியலூர் கடலாக இருந்த காலத்தில் அதற்குள் ஓர் உயிர் நீந்தியது. பேரன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதை அவன் கையில் கொடுக்கப் போகிறேன். உன்னைப் போல அவனும் கேட்டால், இந்த முறை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, உட்கார்ந்து பதில் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா