வசந்தாவுக்கு

அன்புள்ள வசந்தா,

நலமா? மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த செய்தி உன் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீயாகச் சொல்ல மாட்டாயா?

எனக்கு இப்போது வார்டை விட வகுப்பு வேலைதான் அதிகம். திருநர், ஊடுபால் (பிறப்பிலேயே ஆண், பெண் என்று திட்டமாகப் பிரிக்க முடியாத உடலமைப்பு), தன்பால் ஈர்ப்புள்ள நோயாளிகளை எப்படி நடத்துவது என்று நர்ஸ்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பயிற்சி. கொடுத்த ஸ்லைடுகளில் பாதி தீர்ப்புகள்: திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்ற 2014 நால்சா, தன்பால் உறவு குற்றமில்லை என்ற 2018இன் 377. கொட்டாவிதான். ஒன்று மட்டும் பெரிய டாக்டர்களிடம் எடுபடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்புள்ள இரு பெண்கள் வழக்கின் 2021 தீர்ப்புக்கு முன்னால், இதில் தனக்குத் தெளிவில்லை என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதியே பாடம் கேட்டிருக்கிறார், நமக்கென்ன கௌரவக் குறைச்சல்?

ஆனால் விஷயம் ஓ.பி. சீட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது. வகுப்பெடுக்க வந்த திருநங்கை நடித்தே காட்டினார்: ஆதாரில் உள்ள பழைய ஆண் பெயரை ஹால் முழுக்கக் கேட்கக் கத்துகிறார்கள், எழுந்து போனால் நூறு கண்கள். காய்ச்சலென்று போனாலும் "ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்றுதான் முதல் கேள்வியாம். பெண்ணென்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பி பாடு இன்னும் மோசம். மகப்பேறு ஓ.பி. வாசலில் வாட்ச்மேன், "உங்க வீட்டம்மா எங்க சார்?" என்கிறார். திருநம்பிக்கும் கருப்பை வாய் இருக்கும்வரை பாப் ஸ்மியர் என்ற புற்றுநோய்ச் சோதனை வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எடுத்து மாதவிடாய் நின்றாலும் கர்ப்பம் தரிக்கலாம். இதைச் சொன்னதும் ஹவுஸ் சர்ஜன்களே நோட்டை எடுத்தார்கள்.

அதைவிடச் சிக்கல் பிரசவ வார்டு. ஊடுபால் குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்தில்லாதபோது பாலுறுப்பை மாற்றும் அறுவை கூடாதென்று, 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைத் தீர்ப்பை ஒட்டித் தமிழக அரசு ஆணையே போட்டது. நம் சிஸ்டர்கள் பலருக்கு அது தெரியவில்லை. சி.ஏ.ஹெச். (பிறவி அட்ரினல் சுரப்பிக் கோளாறு) உள்ள குழந்தைக்கு அவசரம் வேறு. உப்புச் சத்து இறங்கி, ஓரிரு வாரத்தில் வாந்தியும் துவளலுமாக வரும். ஹைட்ரோகார்டிசோனும் சலைனும் தாமதமானால் உயிர் போகும். உறுப்பின் தோற்றத்துக்கு எந்த அவசரமும் இல்லை.

சரிதான், ஆனால் வெளியே மாமியார் "ஆணா பெண்ணா?" என்று நிற்கிறாரே? அதையும் பழக்குகிறோம்: "குழந்தை நல்லா அழுதுச்சும்மா, பால் குடிக்கட்டும். மத்ததை டெஸ்ட் பார்த்துட்டு டாக்டர் சொல்வாங்க." முகத்தைச் சுளிக்காமல், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் சொல்ல வேண்டும். அங்கேதான் இடறுகிறார்கள்.

பாடத்திட்டத்தை நம்பிப் பயனில்லை. ஒருவரின் ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று 2022இல் சொன்ன அதே தேசிய மருத்துவ ஆணையம், 2024 ஆகஸ்ட் கடைசியில் பாடத்திட்டத்தில் பெண் தன்பால் உறவை இயற்கைக்கு மாறான குற்றங்களில் சேர்த்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாளில் வாபஸ்!

உங்கள் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் பாலினத்துக்கு எத்தனை கட்டம் என்று பார்த்து, வெற்றுப் படிவம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்படி. எங்கள் சூப்பரின்டென்டன்ட் ஒரு மாதிரிப் படிவம் கேட்கிறார். பொங்கலுக்கு வருவாய்தானே?

அன்புடன்,
செல்வி