வியெய்ரா த சில்வாவின் கட்டங்கள்: ராமுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராமு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பேத்தி பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் ரொம்பச் சந்தோஷம். பெயர் வைத்ததும் மறக்காமல் எழுது.

இனி நீ கேட்ட விஷயம். போர்த்துக்கீசிய-பிரெஞ்சு ஓவியர் மரியா எலெனா வியெய்ரா த சில்வாவின் 'நடைக்கூடம்' படத்தை வைத்து நீ செய்துபார்த்த பயிற்சிப் படத்தில் மூன்று குறைகள் சொல்லியிருந்தாய்: ஆழம் வரவில்லை, சாம்பல் நிறம் சேறாகிவிட்டது, மேலே போட்ட கோடுகள் துளித்துளியாகத் திரண்டு நிற்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஆனால் முதல் குறைதான் பெரியது, அதைச் சரிசெய்யாமல் மற்ற இரண்டைச் சரிசெய்து பயனில்லை.

நீ ஸ்கேல் வைத்து, பென்சிலால் முழு கேன்வாஸிலும் கட்டம் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்பியிருக்கிறாய். படத்தின் ஓரத்தில் அந்தப் பென்சில் கோடு இன்னும் தெரிகிறது. அவரைப் பின்பற்றுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். அவர் படங்களில் கட்டம் முன்கூட்டிப் போட்ட வரைபடமாகத் தெரிவதில்லை. சாம்பல் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அவற்றின் விளிம்புகள் சந்திக்கும் இடத்தில் கட்டம் உருவாகிறது. கோடு பல இடங்களில் கடைசியாக வந்து, ஏற்கெனவே இருக்கும் விளிம்பை அழுத்திச் சொல்கிறது, அல்லது வேண்டுமென்றே அதிலிருந்து ஒரு மயிரிழை விலகுகிறது.

இதற்கு அவர் படித்த படிப்பும் பிறந்த ஊரும் காரணம் என்று நான் நம்புகிறேன். 1908இல் லிஸ்பனில் பிறந்தவர். அந்த ஊரில் வீட்டுச் சுவர், தேவாலயம், படிக்கட்டு என்று எங்கு திரும்பினாலும் 'அசுலேஜு' என்ற பளபளப்பான வண்ண ஓடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 செ.மீ. சதுரம். கையால் செய்து, கையால் பதித்தவை என்பதால் பழைய சுவரில் இணைப்புக் கோடு நேராக ஓடாது, மெதுவாக அலையும். 1928இல் பாரிஸுக்குப் போனார், அதே ஆண்டு இத்தாலியப் பயணத்தில் சியெனாவின் பழைய சுவரோவியங்களைப் பார்த்தார். அவற்றில் ஒரே மறையும் புள்ளி, அதாவது தொலைவுக்கு ஓடும் கோடுகள் எல்லாம் போய்ச் சந்திக்கும் புள்ளி, கிடையாது. ஒவ்வொரு கட்டடமும் தன் போக்கில் சாய்ந்து நிற்கும். தொடக்கத்தில் சிற்பி பூர்தேலிடம் சிற்பமும் படித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள். இடத்தைக் கையால் தடவிப் பார்த்தவருடைய ஓவியம் இது.

'நடைக்கூட'த்துக்கு முன்னால் 'சதுரங்க ஆட்டம்' படத்தை நன்றாகப் பார். 1943இல், போரின்போது ரியோ டி ஜெனிரோவில் இருந்த காலத்தில் வரைந்தது. பாரிஸ் பாம்பிடு மையத்தின் கலைச் சேகரிப்பைச் சேர்ந்தது. மேசைமேல் ஒரு சதுரங்கப் பலகை, இருபுறமும் இரண்டு ஆட்டக்காரர்கள். பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டம் பலகையோடு நிற்காமல் மேசைக்கு, ஆட்டக்காரர் உடம்புக்கு, சுவருக்கு என்று பரவுகிறது. கட்டத்தின் அளவு எங்கே சுருங்குகிறது, எங்கே சாய்கிறது, எங்கே மாறுபாடு மங்குகிறது என்பதை மட்டும் வைத்தே எது உடம்பு, எது சுவர் என்று கண் பிரித்துக்கொள்கிறது. உருவரைக் கோடு மிகக் குறைவு. இந்தப் படத்திலிருந்து ஒரு உள்ளங்கை அகலப் பகுதியை எடுத்துப் பென்சிலில் நிழல் மட்டும் போட்டுப் பார். கோடே போடாதே. அது வந்துவிட்டால் 1950இல் வந்த 'நடைக்கூடம்' பாதி புரிந்த மாதிரி.

உன் அடுத்த பயிற்சிக்கு நான் சொல்லும் வழி இது. 60 × 90 செ.மீ. கேன்வாஸ் போதும். முதலில் கட்டம் வேண்டாம். ஒரு மறையும் புள்ளியை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வை. இரண்டாவதை அதற்கு ஒரு சாண் தொலைவில், கொஞ்சம் மேலே வை. இடது சுவரும் தரையும் முதல் புள்ளியை நோக்கி ஓடட்டும், வலது சுவரும் கூரையும் இரண்டாவதை நோக்கி ஓடட்டும். இரண்டும் மோதும் இடத்தில் கணக்கு ஒத்துவராது. அங்கே கட்டங்கள் வளைய வேண்டியிருக்கும், அந்த வளைவுதான் உனக்கு வேண்டியது. கட்டங்களின் உயரத்தை முன்னிருந்து பின்னாக 30, 24, 19, 15, 12 மி.மீ. என்று, ஒவ்வொன்றும் முந்தையதில் ஐந்தில் நான்கு பங்காக, குறைத்துக்கொண்டு போ. ஆனால் நடுவில் ஓரிரு வரிசையில் இந்தக் கணக்கை உடை. 19க்கு அடுத்து 18 வரட்டும், பிறகு சட்டென்று 11. கணக்கு முழுக்கச் சரியாக இருந்தால் பார்ப்பவன் கண் நேரே கடைசிப் புள்ளிக்கு ஓடிவிடும், வழியில் எங்கேயும் தங்காது. உன் படத்தில் நடந்தது அதுதான்.

சாம்பல் நிறத்துக்கு வருகிறேன். நீ ஐவரி பிளாக் என்ற கறுப்பு, அம்பர் என்ற பழுப்பு, நீலம், ஓக்கர் என்ற மண்மஞ்சள் நான்கையும் வெள்ளையோடு கலந்திருக்கிறாய். மூன்றுக்கு மேல் போனாலே நிறம் செத்துவிடும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பரும் தோராயமாகச் சம அளவு எடுத்துக் கலந்தால் கறுப்புக்கு நெருக்கமான ஒரு குவியல் வரும். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் நீலம் கூட்டு, மற்றதில் அம்பர் கூட்டு. இப்போது குளிர்ந்த சாம்பல் ஒன்று, வெதுவெதுப்பானது ஒன்று. இரண்டிலும் வெள்ளை சேர்த்து ஒன்பது படி வரிசையாகப் பேலட்டில் வைத்துக்கொள். ஒரே அடர்த்தியில் இருக்கும் குளிர்ந்த சாம்பலையும் வெதுவெதுப்பானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் சாம்பல் உயிர்பெறுகிறது. கலந்துவிட்டால் போயிற்று. முன்பகுதியில் அடுத்தடுத்த கட்டங்களுக்கு மூன்று படி வேறுபாடு இருக்கலாம், ஆழத்தில் ஒரு படி போதும். இடையிடையே கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துச் சரிபார்.

வெள்ளையில் ஒரு எச்சரிக்கை. நீ ஜிங்க் ஒயிட் வாங்கியிருக்கிறாய். கலப்பில் மென்மையாக, குளிர்ச்சியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், உண்மைதான். ஆனால் ஜிங்க் எண்ணெயோடு வினைபுரிந்து நாளடைவில் படலத்தை உடையக்கூடியதாக ஆக்கிவிடும். ஆண்டுகள் போனால் மேலே உள்ள அடுக்குகள் தகடாகப் பெயரும். டைட்டானியம் ஒயிட் வாங்கு. வாங்கும்போது டியூபின் பின்பக்கம் நிறமிக் குறியீட்டைப் படி. பி.டபிள்யூ. 6 மட்டும் இருக்க வேண்டும். பி.டபிள்யூ. 4 என்று கூடவே இருந்தால் அதில் ஜிங்க் கலந்திருக்கிறது என்று பொருள். பெயரில் டைட்டானியம் என்று போட்டிருக்கும் பல டியூப்களில் இது உண்டு.

அடுக்குகளுக்கு வருவோம். கோடு திரண்டதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. முதல் அடுக்கு பெயின்ட்டை டர்பன்டைனில் மட்டும் மோர் பதத்துக்குக் கரைத்துப் பூசு. அதற்குமேல் இன்னும் நீர்த்துப்போனால் நிறமியைப் பிடித்துவைக்க எண்ணெய் போதாமல், காய்ந்தபின் விரலில் பொடியாக வரும். இரண்டாம் அடுக்குக்கு மூன்று பங்கு டர்பன்டைன், ஒரு பங்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). மூன்றாவதற்கு இரண்டுக்கு ஒன்று. கடைசி அடுக்குக்குச் சமபாதி. பெயின்ட்டின் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கலவை போகக் கூடாது. எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. எண்ணெய் கூடுதலான அடுக்கு மெதுவாக இறுகும், இறுகிய பிறகும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அதன்மேல் எண்ணெய் குறைந்த அடுக்கு போட்டால் மேலே முதலில் விறைக்கும், கீழே இன்னும் அசைந்துகொண்டிருக்கும், விரிசல் நிச்சயம். நீ கோட்டுக்குப் பெயின்ட் ஓட வேண்டும் என்று டர்பன்டைனை மட்டும் ஊற்றினாய். கீழே எண்ணெய்ப் பளபளப்பான பரப்பு, அது பிடிக்கவில்லை, திரண்டுவிட்டது. கோட்டுப் பெயின்ட்டில் சில துளி லின்சீட் ஆயிலும் கொஞ்சம் டர்பன்டைனும் சேர். போடுவதற்கு முன் நன்றாகக் காய்ந்த பரப்பை டர்பன்டைன் லேசாகத் தொட்ட துணியால் ஒருமுறை ஒற்றியெடு. ரிகர் என்ற நீள மயிர் கொண்ட மெல்லிய பிரஷ் வேண்டும், மணிக்கட்டிலிருந்து அல்ல, தோளிலிருந்து இழு. மாஸ்கிங் டேப் ஒட்டாதே. ஓரத்தில் மேடு கட்டும், அவர் படங்களில் எங்கேயும் இல்லாத விறைப்பு வந்துவிடும்.

காத்திருக்க வேண்டிய நேரமும் நிறத்துக்கு நிறம் மாறும். அம்பர் கலந்த அடுக்கு ஓரிரு நாளில் தொடும் பதத்துக்கு வந்துவிடும். டைட்டானியமும் ஐவரி பிளாக்கும் ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுக்கும். மழைக்கால ஈரக்காற்றில் இன்னும் இழுக்கும். நகத்தால் மெல்ல அழுத்திப் பார்த்துத் தடம் விழாவிட்டால் மட்டும் அடுத்த அடுக்கு. உன் படத்தில் சில கட்டங்கள் மட்டும் மங்கிப் போய் பவுடர் பூசிய மாதிரி இருக்கின்றனவே, அது நிறத்தின் குற்றம் அல்ல. கீழே உள்ள ஜெஸ்ஸோ, அதாவது கேன்வாஸின் வெள்ளை அடிப்பூச்சு, எண்ணெயை உறிஞ்சிவிட்டது. லின்சீட் ஆயிலில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, துணியால் அந்த இடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்து, மிச்சத்தை உடனே துடைத்துவிடு. அப்போதுதான் உண்மையான அடர்த்தி தெரியும், அதைப் பார்த்துத்தான் அடுத்த நிறத்தைக் கலக்க வேண்டும். புதிய கேன்வாஸுக்கு அக்ரிலிக் ஜெஸ்ஸோ மூன்று கை அடித்து, குறைந்தது மூன்று நாள் விட்டு ஆரம்பி. வார்னிஷை ஆறு மாதத்துக்கு நினைக்காதே.

ஒரு விஷயம் கண்டிப்பாக: லின்சீட் ஆயில் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதே. எண்ணெய் ஆக்ஸிஜனோடு சேரும்போது சூடு உண்டாகும், குவியலில் அந்தச் சூடு வெளியேறாமல் துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு வை. சின்னக் குழந்தை இருக்கும் வீடு.

உன் மகன் லிஸ்பனுக்கு அலுவலக வேலையாகப் போகிறான் என்றாயே, அவனிடம் இரண்டு இடம் சொல்லி அனுப்பு. ஒன்று, அமொரெய்ராஸ் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் வியெய்ரா த சில்வாவின் அருங்காட்சியகம். அவரும் கணவர் ஆர்பாத் செனெஸும் வரைந்தவை அங்கே இருக்கின்றன. பழைய பட்டு ஆலைக் கட்டடத்தில் 1994இல் திறந்தார்கள். மற்றொன்று சிதாத் யுனிவர்சிதாரியா மெட்ரோ நிலையம். பாரிஸ் மெட்ரோவைப் பற்றி அவர் 1940இல் வரைந்த படத்தை, மனுவேல் கார்கலெய்ரோ ஓடுகளாக மாற்றி அங்கே சுவரில் பதித்திருக்கிறார். கட்டம் கேன்வாஸிலிருந்து திரும்ப ஓட்டுக்கே போனால் எது தங்குகிறது, எது போய்விடுகிறது என்று அங்கே நேரில் பார்க்கலாம். என் கணிப்பில், மெல்லிய சாம்பல் அடுக்குகள்தான் போய்விடுகின்றன. எண்ணெய் வண்ணத்தை விட்டால் அவற்றுக்கு வேறு வழியில்லை. அருங்காட்சியகத்தில் அவன் முழுப் படத்தைப் புகைப்படம் எடுக்க வேண்டாம். அனுமதித்தால், ஏதாவது ஒரு படத்தின் மூலையை மட்டும் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்பட்டும். வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் எந்தக் கோடு மேலே இருக்கிறது, எது அடியில் புதைந்திருக்கிறது என்று தெரியும்.

உன் புதிய படத்தையும் அப்படியே எடுத்து அனுப்பு. முதல் இரண்டு அடுக்கு முடிந்ததும், கோடு போடுவதற்கு முன்னால். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் சிவா