மூன்று கட்டம் இடம் கொடுங்கள், ஒரு குடும்பம் குடிவர

தமிழ் நாளிதழ், வார இதழ் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் தினமும் மூன்று கட்டம், அது முடியாவிட்டால் வாரத்துக்கு அரைப் பக்கம், ஒரு சென்னைக் குடும்பத்துக்கு ஒதுக்குங்கள். நான் கேட்பது ஒரு குடும்பப் படக்கதை. ஒரே ஒரு நிபந்தனை: அந்த வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் வயதாக வேண்டும், நமக்கு ஆகிற அதே வேகத்தில்.

இந்த ஆசை எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. லின் ஜான்ஸ்டன் என்கிற பெண்மணி 1979 செப்டம்பரில் ‘ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்’ என்ற படக்கதையை வரைய ஆரம்பித்தார். பேட்டர்சன் என்று ஒரு குடும்பம். அம்மா எல்லி, பல் டாக்டரான அப்பா ஜான், பையன் மைக்கேல், பெண் எலிசபெத், ஃபார்லி என்று சடை சடையாக முடி தொங்கும் ஒரு நாய். லின்னின் கணவரும் பல் டாக்டர்தான், அவர் வீட்டிலும் ஃபார்லி என்று ஒரு நாய் இருந்தது என்றால் கதை எங்கிருந்து கிளம்பியது என்று புரிந்திருக்கும். 1991-ல் அந்த வீட்டில் மூன்றாவதாக ஏப்ரல் பிறந்தாள். அம்மாவைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்த சின்னப் பையன் மைக்கேல், 2008 ஆகஸ்டில் கதை முடிந்தபோது இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன்.

எனக்கு இந்தக் குடும்பம் அறிமுகமானது லஸ் முனையில் நடைபாதையில் வாங்கிய, அட்டை போன ஒரு தொகுப்பில். மீதியைப் போனில் தேடிப் பிடித்துப் படித்தேன். மேற்கு மாம்பலத்தில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தபடி, கண்ணால் பார்த்தே இராத பனிக்கால ஊரில் ஒரு குடும்பம் எப்படிக் காலம் தள்ளுகிறது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். எல்லியின் இடுப்பு பெருத்தது, தலை நரைத்தது, அவளுடைய அம்மா காலமானார். எல்லியின் அப்பா, ஜிம் என்று பெயர், அவருக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போய்விட்டது. மனதில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவர முடியாமல் அந்தத் தாத்தா தவிப்பதை அவசரமே இல்லாமல் வரைந்துகொண்டு போனார் லின். நம் தெருவில் வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம் இது. நம் நகைச்சுவைப் பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்த தாத்தாவை எப்போதாவது பார்த்திருக்கிறோமா?

ஃபார்லி விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 1995 ஏப்ரலில், நாலு வயது ஏப்ரல் வீட்டுப் பக்கத்து ஓடையில் தவறி விழுகிறாள். பனி உருகி ஓடை பெருக்கெடுத்திருக்கும் நேரம். ஃபார்லி அப்போது கிழ நாய். குதிக்கிறது, குழந்தையின் தலை முங்காமல் பார்த்துக்கொள்கிறது. குழந்தை பிழைத்துக்கொள்கிறது, நாயின் இதயம் தாங்கவில்லை. லின்னுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் வந்தது. நன்றாக அழுதோம் என்றவர்கள் உண்டு, எப்படி மனசு வந்தது உனக்கு என்று திட்டியவர்களும் உண்டு. ‘பீனட்ஸ்’ படக்கதையை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் லின்னுக்கு நெருங்கிய நண்பர். ஃபார்லியைச் சாகடித்தால் நான் என் கதையின் நாய் ஸ்னூபியை லாரியில் அடிபட வைத்துவிடுவேன் என்று அவர் மிரட்டினாராம், லின்னே சொல்லியிருக்கிறார். பின்னாளில் ஒன்டாரியோ கால்நடை மருத்துவர்கள் சங்கம், வசதியில்லாதவர்கள் வளர்க்கும் பிராணிகளின் வைத்தியச் செலவுக்குக் கைகொடுக்க ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தது. அதற்கு ஃபார்லி என்றுதான் பெயர். காகிதத்தில் செத்துப்போன ஒரு நாயின் பெயரால் இன்று நிஜ நாய்களுக்கு ஊசி போடுகிறார்கள். வாசகர் பாசத்துக்கு இதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை.

பாசம் என்றால் சண்டையும் சேர்த்துத்தான். வடக்கே எங்கோ ஒரு கிராமத்தில் டீச்சராக இருந்த எலிசபெத் ஊர் திரும்பி, பள்ளித் தோழன் ஆண்டனியைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஏராளமான வாசகர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவன் விவாகரத்தானவன், ஒரு குழந்தைக்கு அப்பா என்பதைப் பற்றி எனக்கொன்றும் இல்லை. ஆள் சுரத்தே இல்லாதவன், எப்போதும் ஒரு புலம்பல். போயும் போயும் இவனா என்று நான் இங்கே மாம்பலத்தில் உட்கார்ந்து பொருமினேன், என்னமோ ஜாதகம் பார்த்தபோதே வேண்டாம் என்று சொன்ன அத்தை மாதிரி.

ஆசிரியர்கள் என்ற முறையில் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1993-ல் மைக்கேலின் சிநேகிதன் லாரன்ஸ், தான் ஓரினச் சேர்க்கையாளன் என்று வீட்டில் சொல்கிறான். சில பத்திரிகைகள் அந்த வாரங்களுக்கு மட்டும் வேறு படங்களைப் போட்டன, சில தொடரையே நிறுத்திவிட்டன. மறு ஆண்டு, அதே பகுதிக்காக அமெரிக்காவில் பத்திரிகைத் துறைக்குக் கொடுக்கிற புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றில் லின்னின் பெயர் இருந்தது. பதினான்கு வருஷமாக லாரன்ஸைச் சின்னப் பையனிலிருந்து பார்த்துப் பழகிய வாசகர்கள் இருந்ததால்தான் அவரால் அதைத் தொட முடிந்தது. புதிதாக ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து அதைச் சொல்ல வைத்திருந்தால் அது வெறும் பிரசாரமாகப் போயிருக்கும்.

தமிழ் வாசகருக்கு இவ்வளவு பொறுமை கிடையாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தினத்தந்தியில் 1960-ல் தொடங்கிய கன்னித்தீவை மூன்று தலைமுறை படித்தாயிற்று. கோர்ட் கேஸ், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம், எது முடியாமல் இழுத்தாலும் கன்னித்தீவு என்றுதான் சொல்கிறோம். குட்டியாகிப்போன லைலாவைத் தூக்கிக்கொண்டு அலையும் சிந்துபாத்துக்கே இந்த மரியாதை என்றால், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைகிற ஒரு அப்பாவுக்கு எவ்வளவு கிடைக்கும்! ஆனந்த விகடனில் மதன் வரைந்த ரெட்டைவால் ரெங்குடுவும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். வருத்தம் என்னவென்றால், அவன் கடைசிவரை அதே வாலாகவே இருந்துவிட்டான். அவன் பத்தாவது பரீட்சை எழுதுவதை, ஜெமினி பாலத்தடியில் அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நிற்பதை, தன் பெண்ணிடம் தோற்று விழிப்பதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

வயதாகும் படக்கதை லின் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் ‘கேஸோலின் ஆலி’ என்ற தொடரில் 1921-ல் வாசற்படியில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து போட்டார் ஃப்ராங்க் கிங். அது வாசகர்களோடு சேர்ந்து வளர்ந்து, யுத்தத்துக்குப் போய், தாத்தாவும் ஆனது.

நம்மிடம் இப்படி ஒரு தொடர் 1979-லேயே ஆரம்பித்திருந்தால் என்னவெல்லாம் கிடைத்திருக்கும்! மாம்பலத்தில் ஒரு போர்ஷனில் குடித்தனம். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க டீவி இருக்கிற வீட்டில் செருப்புக் குவியல். கேஸ் இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் மண்ணெண்ணெய் ஸ்டவ். பையன் 29சி-யில் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போவான், அப்பா பார்த்துவிடுவார். 1996-ல் மெட்ராஸ் சென்னையானாலும் பாட்டிக்கு அது பட்டணம்தான். கடன் வாங்கி வேளச்சேரியில் ஃபிளாட், 2015 டிசம்பரில் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் மொட்டைமாடியில். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது அந்த வேப்ப மரத்தை என்ன செய்வது என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகும். இதை எந்தச் சரித்திரப் புத்தகமும் எழுதாது. விட்டது போகட்டும், இப்போதிலிருந்தாவது ஆரம்பியுங்கள். குரல் பதிவில் சமையல் குறிப்பு அனுப்பும் பாட்டியும், ராத்திரி ஷிப்டில் ஓஎம்ஆர் ஐடி கம்பெனிக்குப் போகும் மருமகளும், தமிழ் படிக்கத் திணறும் பேரனும் ஏற்கெனவே இருக்கிறார்கள். வரைய ஆள்தான் வேண்டும்.

அந்த ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஓவியர், தினமும் அவர் கையெழுத்தோடு. மாதச் சம்பளம் கொடுங்கள், துணுக்குக்குத் தருகிற சன்மானம் கணக்கில் வேண்டாம். நாலைந்து வாரப் படங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் ஜுரம் வரும். பெண்ணாக இருந்தால் எனக்குக் கூடுதல் சந்தோஷம், பூரிக்கட்டை ஜோக் தானாகக் குறையும். கலர் அவசியமில்லை. கடைசிக் கட்டத்தில் நீதி சொல்ல வேண்டாம். சிரிப்பு வராத நாளும் இருக்கட்டும், எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

முக்கியமாக, குறைந்தது ஐந்து வருஷத்துக்குக் கை வைக்காதீர்கள். முன்பு நான் வாங்கிய நாளிதழ் ஒன்றில் படக்கதைப் பகுதியை ஒரு திங்கட்கிழமை சத்தமில்லாமல் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனை விற்பனை விளம்பரம் போட்டார்கள். ஏன் என்று எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. விளம்பரம் இல்லாமல் பேப்பர் ஓடாது, எனக்கும் தெரியும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளிக்கடைக்காரர்களுக்காக அந்த மூன்று கட்டத்தை விட்டுக்கொடுக்கத் தயார். ஆடித் தள்ளுபடிக்கு மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை